மாணவரும் குடக்கூலி வீடும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் முன்னைய இரண்டையும் பெறுதற்குச் சென்னை நகரில் ஒரு மாணவன் பெரிதும் இடர்ப்படுவதில்லை. கையிற் காசுள்ளவன் எந்த உணவு விடுதியிலும் புகுந்து உண்ணலாம்; எந்தக் கடையிலும் நுழைந்து உடை கொள்ளலாம். அவனை நோக்கி, "நீ எந்த ஊரான்? நின் தந்தை யார்? உனக்கு மணமாயிற்றா? நீ இறைச்சி உண்பாயா?" என்று எவரும் வினவுவதில்லை. உறையுள் ஒன்று மட்டும் அவ்வாறன்று. கையிற் பணமிருந்தும், நல்லொழுக்கம் உடையனாயிருந்தும், தலை சாய்க்க ஓரிடம் பெறுதற்கு மாணவன் படும் பாடு சொல்லுந்தரமன்று. அப்பாட்டிற்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

"கல்லூரி விடுதிகள் இருக்க, வெளியில் வீடு தேடுவானேன்?" என்று கேட்பார் உளர். விடுதி வாழ்க்கையின் நலன்களை யான் மறுப்பேனல்லேன். ஆயினும், பயில வருவோர் தொகை ஆண்டுதோறும் பெருக, விடுதி அறைகள் அவ்வளவிற் பெருகுவதில்லை. மாலை வேளையில் சிறுவர்க்குப் பாடம் சொல்லியும், இரவில் வண்டியேறி வீடுதோறும் உணவு கொண்டு சேர்த்தும் தம் கட்டணத்தைத் தாமே ஈட்டும் மாணவர் இன்று பலர். விடுதி வாயில் அடைபடும் நேரம் அவர்க்கு ஒத்துவருவதில்லை. ஊரிலிருந்து தம்பியையோ தங்கையையோ உடன் அழைத்து வந்து படிப்பிக்கும் கடமை பூண்டவரும் உளர். இன்னோர்க்கெல்லாம் வெளியில் ஒரு வீடு வேண்டற்பாலதே.

திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் நெடுங்காலமாகத் தனியாட்களுக்குப் புகலிடமாய் விளங்கி வருவதை யாவரும் அறிவர். அங்கே கட்டிலிட்டபின் மேசைக்கு இடமிராது. அடுக்களை என்பதே இல்லை. மூவர் சேர்ந்து ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஓர் அடுக்களை, ஒரு குளியலறை உடைய சிறு வீட்டை எடுத்துக்கொண்டால், தாமே சமைத்து உண்ணலாம். இரவில் விளக்கேற்றிப் படிக்கலாம். நோயுற்றால் ஒருவரையொருவர் பேணலாம். தரகர் வழக்கில் 'ஒன் பி.எச்.கே.' எனப்படும் இவ்வீடே மாணவர்க்குப் பொருத்தமானது. இதனைப் பெறுதற்கு இரண்டு மதில்களைக் கடக்கவேண்டும். முன்னது பணமதில், பின்னது மனமதில்.

பணமதிலை முதலில் நோக்குவோம். வீட்டின் திங்கள் வாடகை 12,000 ரூபா எனக் கொள்வோம். மூவர் பங்கிட்டால் தலைக்கு 4,000 ரூபாவாகும், இது தாங்கக்கூடியதே. ஆனால், பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையில் நெடுநாளைய வழக்கம். அவ்வாறாயின் முன்பணம் 1,20,000. முதல் மாத வாடகை 12,000. தரகர்க்கு ஒரு மாத வாடகையாகிய 12,000. ஆக 1,44,000 ரூபாவை வீட்டுள் காலடி வைக்குமுன் எண்ணி வைக்கவேண்டும். தலைக்கு 48,000 ரூபா. ஒரு மாணவன் ஓராண்டு முழுவதும் செலுத்தக் கடவ வாடகைக்கு ஒப்பான தொகையை முதல் நாளிலேயே கொடுத்தாகவேண்டும் என்பது இதனாற் புலனாகின்றது. ஆறு விழுக்காடு வட்டி வைத்துப் பார்ப்பினும், 1,20,000 ரூபாவிற்கு ஆண்டுக்கு 7,200, திங்களுக்கு 600 ரூபா ஆகின்றது. இது வாடகைச் சீட்டில் எழுதப்படாத வாடகையன்றோ? உழவர் வீட்டுப் பிள்ளைக்காக இத்தொகையைத் திரட்டும் தாய், காதில் கிடப்பதைக் கழற்றியே திரட்டுகின்றாள்.

வெளியேறும் நாளிலும் இடர் உண்டு. வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வர். சுவரில் ஆணி அறைந்ததற்கு ஒரு தொகை. குழாய் கசிந்ததற்கு ஒரு தொகை. மின்கட்டணத்தையோ, அரசினர் 2016-ஆம் ஆண்டில் வீடுகட்கு இரு திங்களுக்கு 100 யூனிட்டு இலவசம் என ஆணையிட்டிருந்தும், தனியே ஓர் உள்மீட்டரைப் பொருத்தி, முதல் யூனிட்டு முதற்கொண்டே தாம் வகுத்த விலைப்படி தண்டுவோர் உளர். வறியோர்க்கு அரசு ஈந்த சலுகை இவ்வாறு இடைவழியில் நின்றுவிடுகின்றது.

இவற்றிற்குச் சட்டத்தில் மருந்தில்லையோ எனின், உண்டு. இரண்டாம் உலகப் பெரும்போரின்போது வீட்டுத்தட்டு மிகவே, 1941-இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. பின்னர் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் இடத்தில், வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் இருசாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிதல் வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக, முன்பணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தித் துன்புறுத்தலாகாது. 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவித்தே உரிமையாளர் வீட்டினுள் வரலாம்.

இச்சட்டம் முன்பண வரம்பைக் கூறுமிடத்து, மாறான உடன்பாடு இல்லையாயின் என்னும் ஒரு வாயிலையும் திறந்தே வைத்துள்ளது. அவ்வாயில் வழியே பத்து மாதமும் மீண்டும் நுழைகின்றது. வேண்டுவோன் நிலையில் நிற்கும் மாணவன் எத்தகைய உடன்பாட்டிற்குத்தான் மறுப்பான்? உடன்படிக்கைகள் பதினொரு மாதத்திற்கே எழுதப்படுவதும் இவ்வாறானதொரு வழக்கமே. ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகைகளைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. அப்பதிவையும் அதன் செலவையும் தவிர்க்கவே ஒரு மாதம் குறைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் மாணவர் அறிதல் நன்று. பதினெட்டு வயது நிரம்பியவன் தன் பெயரிலேயே உடன்படிக்கை செய்துகொள்ளச் சட்டப்படி உரியவன் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.

நிற்க. பணமதிலைக் கடனுடன் வாங்கியேனும் ஏறிவிடலாம். மனமதிலை எவ்வாறு ஏறுவது?

சென்ற ஆண்டு சூன் மாதத்தில் யானும் நண்பர் இருவரும் தாம்பரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் இடையே வீடு தேடித் திரிந்தோம். 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகையைக் கண்டு கதவைத் தட்டினால், முதல் வினா, "குடும்பமா?" என்பது. "மாணவர்" என்றதும் கதவு பாதி சாத்தப்படும். "பேச்சிலர்களுக்குக் கொடுப்பதில்லை, தம்பி" என்று நயமாகச் சொல்வோரும் உளர்; பேசாமலே உள்ளே செல்வோரும் உளர். சில இடங்களில் பலகையிலேயே 'சைவர்களுக்கு மட்டும்' என எழுதியிருந்தது. அது வெளிப்படையானது, நமக்கும் நேரம் மிச்சம்.

அவற்றினும் என் மனத்தை வருத்தியது பிறிதொன்று. ஒரு வீட்டின் வாயிலில் திருமறை வசனம் பொறித்த பலகை தொங்கிற்று. நாங்கள் மூவரும் கிறிஸ்தவர் என்றறிந்ததும் வீட்டுப் பெரியவர் முகமலர்ந்து உள்ளே அழைத்து அமர்த்தினார், காப்பி வந்தது. வாடகையும் பேசியாயிற்று. பின்னர் அவர் என் நண்பர் ஒருவரை நோக்கி, "தம்பி, எந்த ஊர்?" என்றார். ஊர் சொல்லப்பட்டது. "எந்தச் சபை?" சபையும் சொல்லப்பட்டது. "ஊரில் எந்தத் தெரு?" தெருவும் சொல்லப்பட்டது. "நம்மவர்களில் நீங்கள்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். என் நண்பர் முடித்துச் சொன்னார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. "மகளும் மருமகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இந்த வீடு தோதுப்படாது" என்றார் பெரியவர். ஒரு திங்கள் கழிந்து அவ்வழியே சென்றபோதும் 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகை அங்கேயே தொங்கக் கண்டோம்.

அந்நண்பர் எங்களிடம் அது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் முதல், வீட்டுக்காரர் ஊர் கேட்குமுன் தாமே, "ஐயா, என் ஊர் இன்னது, தெரு இன்னது, ஆட்சேபமிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று கூறத் தொடங்கினார். இருபது வயது நிரம்பாத ஓர் இளைஞன் இவ்வாறு தன்னைத்தானே முன்கூட்டி அறிவித்துக்கொள்ளும் நிலைக்கு ஒரு நகரம் அவனைக் கொணருமாயின், அந்நகரத்தின் கல்வியும் கோயில்களும் என்ன பயன் விளைத்தன? முடிவில் எங்கட்கு மாடிப்பகுதியைத் தந்தவர் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் இந்துப் பெரியவர். "ஐந்தாம் தேதிக்குள் வாடகை வரவேண்டும்; மோட்டாரைப் போட்டுவிட்டு மறக்கக்கூடாது" என்னும் இரண்டையே அவர் சொன்னார்; மூன்றாவது ஒன்றும் கேட்டிலர்.

இதுவே என் கொள்கையும். வீடு விடுவோர் வினவத்தக்கவை இரண்டே: வாடகையை ஒழுங்காகத் தருவாயா? வீட்டையும் அயலாரையும் கெடுக்காது வாழ்வாயா? இவ்விரண்டிற்கும் மேற்பட்ட மூன்றாவது வினா அறத்தின்பாற்பட்டதன்று. குலம், மதம், உணவு, மணமானமை என்பவற்றுள் எதுவும் வாடகையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. சுவரைக் காக்கவோ இடிக்கவோ செய்வதில்லை.

"என் வீடு, என் விருப்பம்" என்பர் சிலர். சட்டமும் இற்றைநாளில் ஏறக்குறைய அவர் பக்கமே நிற்கின்றது. நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பற்றி அரசு வேற்றுமை காட்டலாகாது என்கின்றது. கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்கின்றது. ஒருவர் தம் வீட்டை வாடகைக்கு விடுதல் அவ்வரிசையில் எழுதப்படவில்லை. பார்சிகட்கே உறுப்புரிமை என விதித்த ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் முன்பணத்தை அளந்ததேயன்றி, வாயிலில் கேட்கப்படும் வினாவை அளந்திலது.

பிற நாடுகளில் இவ்வினாவைச் சட்டம் அளந்ததுண்டு. அமெரிக்க நாட்டில் போதகராகிய மார்ட்டின் லூதர் கிங் 1966-ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் மேற்குப்புறத்தே, கறுப்பின ஏழைகள் வாழ்ந்த பகுதியில், தாமே ஒரு குடியிருப்பை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். நிறம் நோக்கி வீடு மறுக்கும் கொடுமையை எதிர்த்து அந்நகரத் தெருக்களில் ஊர்வலம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாட்கள் கழித்து, இனமும் நிறமும் மதமும் பிறந்த நாடும் நோக்கி வீடு மறுத்தலைக் குற்றமாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையொப்பமிட்டார். நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் ஒன்று வேண்டும் என்பதே என் கருத்து. எனினும் சட்டம் வரும்வரை அறம் காத்திருத்தல் வேண்டுமோ?

நம் தமிழ்ப் பெருங்காப்பியமாகிய சிலப்பதிகாரத்தை நோக்குக. பெருநகருக்குப் புதியராய் வந்து உறையுள் தேடிய இளையோர் இருவரின் வரலாறு அதிலும் உண்டு. கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து நடந்து வந்து மதுரைப் புறத்தே நின்றனர். உடன் வந்த சமணத் துறவியாகிய கவுந்தியடிகள், அவ்வழி வந்த ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அவ்விருவரையும் அடைக்கலமாகத் தந்தார். வந்தோர் வணிகர்; இடந்தந்தவளோ இடையர் குலத்தினள். வந்தோர் கொண்ட நெறி வேறு. அவள் வழிபட்ட தெய்வம் வேறு. ஆயினும் மாதரி தன் மனைப்பக்கத்தே ஒரு சிறு வீட்டைத் தூய்மை செய்து அவர்க்கெனத் தனியே அளித்தாள்.

ஈண்டு யாம் சிறப்பாக உன்னத்தக்கது ஒன்றுண்டு. கோவலன் சாவக நோன்பு உடையவன். அவன் உணவு முறை ஆயர் உணவு முறையினின்று வேறானது. இக்காலத்து வீட்டுக்காரராயின், "எங்கள் உணவு உண்போர்க்கே இடம்" என்றிருப்பர். மாதரியின் மனையிலோ நிகழ்ந்தது நேர்மாறு. வந்தோர் தம் நோன்பிற்கு ஏற்பத் தாமே சமைத்துக்கொள்ளுமாறு புதிய கலங்கள் தரப்பட்டன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி, பால் தயிர் முதலியன தரப்பட்டன. குடிவந்தோரின் உணவிற்கு வீட்டுடையாள் இடம் தந்தாளேயன்றித் தன் உணவை அவர்மேல் சுமத்தினாளல்லள். அதுமட்டோ? தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டோர்க்கு நேர்ந்த கேட்டைக் கேட்டு ஆற்றாது தீப்புகுந்து அவள் மாண்டாள் என நீர்ப்படைக் காதை கூறும். அவ்வளவு எவரிடமும் யாம் வேண்டுகின்றிலம். ஒரு சாவி வேண்டுகின்றோம், அவ்வளவே.

இனி நம் திருமறைக்கு வருவோம். நம் ஆண்டவர் பிறந்த இரவு, சத்திரத்தில் இடமில்லாத இரவு. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அச்சத்திரக்காரனைக் கண்டு சிறுவரும் சினங்கொள்கின்றனர். திருத்தூதர் பவுல் உரோமை மாநகரில் இரண்டாண்டு முழுவதும் குடக்கூலி வீட்டிலேயே வாழ்ந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரம் உரைக்கின்றது. பிறநாட்டினர், புதுமதத்தினர், மணமாகாதவர், காவற்சேவகனோடு கூடிய கைதி. இவர்க்கும் உரோமையில் ஒருவர் வீடு விட்டார். அவ்வீட்டுக்காரர் பெயரை நாம் அறியோம். ஆயினும், அன்று அக்கதவு அடைபட்டிருப்பின், அவ்வீடு தேடி வந்தோர் நற்செய்தியைக் கேட்பது எங்ஙனம்?

சபைக்குள் குலவேற்றுமை கூடாதென்பது இன்று நேற்று எழுந்த பேச்சன்று. கல்கத்தா அத்தியட்சராயிருந்த தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டிலேயே, தென்னாட்டுச் சபைகளில் சாதிவேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமெனக் கட்டளை விடுத்தார். அக்கட்டளை பிறந்து நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகட்கு மேலாயின. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகுகின்றோம், வீட்டு வாயிலில் நின்று, "நம்மவர்களில் நீங்கள்..." என்று தொடங்குகின்றோம். பீடத்தண்டை ஒழிந்த வேற்றுமை படிக்கட்டின்கீழ் உயிரோடிருக்கின்றது. இதனைப் பிறர் சொல்லுமுன் நாமே சொல்லுதல் நேர்மையாம்.

வீட்டு உரிமையாளரின் அச்சத்தையும் எண்ணிப் பார்த்தல் கடன். சென்னையில் வீடு விடுவோர் எல்லாரும் செல்வரல்லர். வாழ்நாள் முழுதும் உழைத்துக் கட்டிய வீட்டின் மேற்றளத்து வாடகையே மருந்துச் செலவாக அமைந்த முதியோர் பலர். இரவில் கூச்சல் மிகுமோ, நண்பர் கூட்டம் நிறையுமோ, வாடகை நிலுவையாகுமோ, அயலார் குறைகூறுவரோ என அவர் அஞ்சுதல் இயல்பே. கோடையில் தண்ணீர் லாரிக்கு நூறு முறை பேசியவர், குழாயைத் திறந்துவிட்டுச் செல்லும் குடித்தனக்காரரை விரும்பார். அங்ஙனம் நடந்த மாணவர் இல்லையென்றும் சாதிக்க இயலாது. ஆனால் அவ்வச்சம் நடத்தையைப் பற்றியது. நடத்தைக்கு மருந்து எழுதிய உடன்படிக்கையே. இத்தனை மணிக்குமேல் இரைச்சல் கூடாது, இத்தனை பேருக்குமேல் தங்கலாகாது, தவறினால் இத்தனை நாளில் காலி செய்யவேண்டும் என எழுதிக்கொள்க. மாணவர் மகிழ்வுடன் கையொப்பமிடுவர். பிறப்பைப் பற்றிய வினாவிற்கோ எந்த அச்சமும் காரணமாகாது, பழக்கமொன்றே காரணம்.

மாணவியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தனித்துறையும் பெண்ணுக்கு வீடு மறுப்போர் அதனை அவள் நன்மைக்கே என்பர். வீடு கொடுப்போரும், வந்துபோகும் நேரத்தையும், காண வருவோரையும், சில வேளைகளில் உடையையும் ஆராய்வர். வாடகை கொடுத்து மாமியார் வீட்டில் வாழ்வதுபோல் இருக்கின்றது என என்னுடன் பயிலும் சகோதரியொருவர் கூறினார். வாடகை பெறுவோர்க்கு வீட்டின்மேல் உரிமையுண்டு, வாழ்வோர்மேல் உரிமையில்லை.

செய்யத்தக்கன யாவை? பெருநகர் முழுவதையும் ஒரு நாளில் திருத்த நம்மால் ஆகாது. ஆனால் நம் கல்லூரிக்கு நகரெங்கும் பழைய மாணவர் உளர். அவருட் பலர் சொந்த வீடுடையோர்; ஒரு மாடியையோ புறமனையையோ வாடகைக்கு விடுவோர். ஆதலின் முதற்கண் அவர்க்கே என் விண்ணப்பம். பழைய மாணவர் சங்கம் ஒரு வீட்டுப் பதிவேட்டைத் தொடங்குக. வீடு விட விரும்பும் அங்கத்தினர், கல்லூரி திறக்குமுன் தம் வீட்டின் இடம், வாடகை, முன்பணம் ஆகியவற்றை அதில் பதிக. பதிவோர் மூன்று உறுதிகள் தருக: முன்பணம் மூன்று மாதத்திற்கு மேற்படாது, உடன்படிக்கை எழுத்தில் இருக்கும், குலமும் மதமும் உணவும் வினவப்படா. இதனால் தரகர் கூலி மிச்சமாகும். பத்து மாத முன்பணம் ஒழியும். எவனும் தன் தெருவின் பெயரைச் சொல்லி வாயிலில் நிற்க நேராது.

கல்லூரியும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். கவுந்தியடிகள் சொல்லை நம்பியே மாதரி இடம் தந்தாள். அதுபோல், வீடு தேடும் மாணவனுக்குக் கல்லூரி ஒரு நற்சான்று தரின், உரிமையாளர் அச்சத்திற் பாதி நீங்கும். உடன்படிக்கையின் மாதிரிப் படிவம் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு வைத்தலும் நன்று. தான் கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியுள்ளது என்பதை மாணவனோடு அவன் பெற்றோரும் படித்தறிய வேண்டுமன்றோ?

மாணவ நண்பர்காள்! நமக்கும் ஒரு கடமையுண்டு. நமக்கு வீடு தருவோர் நமக்கு மட்டும் தருகின்றிலர். நமக்குப்பின் வரப்போகும் தம்பியர்க்கும் தங்கையர்க்கும் சேர்த்தே கதவைத் திறக்கின்றனர். நாம் நிலுவை வைத்துச் சென்ற ஒரு மாத வாடகை, பத்து மாணவர்க்கு அக்கதவை அடைக்கும். வாடகையைக் குறித்த நாளில் செலுத்துக. செலுத்தியதற்குச் சீட்டுப் பெறுக. குடிபுகும் நாளில் சுவரையும் குழாயையும் படம் பிடித்து வைத்து, குடிபெயரும் நாளில் அவ்வாறே ஒப்புவிக்க. கீழ்வீட்டு முதியோர்க்கு மருந்து வாங்கி வருதலும் குடித்தனத்தின் பகுதியே எனக் கொள்க.

நம்முட் பலர் நாளை உத்தியோகம் பெற்று, கடன் வாங்கி, இந்நகரின் புறத்தே ஒரு வீடு கட்டுவோம். அதன் மாடியில் 'வாடகைக்கு விடப்படும்' என்னும் பலகையும் தொங்கும். தோளில் பையுடன் ஓர் இளைஞன் வந்து கதவைத் தட்டுவான். அன்று நாம் அவனை என்ன வினவப் போகின்றோம் என்பதை இன்றே உறுதி செய்துகொள்வோமாக. வாடகை எந்நாளில் தருவாய் என்று கேட்போம். மோட்டாரை நிறுத்த மறவாதே என்று சொல்வோம். அதன்மேல் ஒன்றும் கேளாது சாவியைக் கொடுப்போம்.